தமாரிஸுக்கு நான் நிழலாயிருந்த வருடம்

மார்ச் 11, செவ்வாய்

இன்று காலை மூடுபனி ஆற்றிலிருந்து எழுந்து பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, எனக்கு முன்பே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. "கொஞ்சம் நகரு" என்றேன். நகர்ந்தது. இதை ரோஸ்மிராவிடம் சொன்னால் நம்பமாட்டாள். என் தங்கைக்கு மீன் பொரிக்கிற சட்டிக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆனால் இது என் நாட்குறிப்பு. இதில் நான் சொல்வதே நடந்தது.

எனக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. நிழல் உத்தியோகம். எங்கள் ஊரான புவெர்த்தோ கார்சாவின் பள்ளியில் அதற்கு அப்படித்தான் பெயர். தனியாகச் சமாளிக்க முடியாத பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்க வேண்டுமென்றால், வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து நிழல் மாதிரி பக்கத்திலேயே உட்கார வேண்டும். ரோஸ்மிராவின் மகள் தமாரிஸுக்குப் பதினொரு வயது. கை, கால், நாக்கு எல்லாம் அவள் பேச்சைக் கேட்கும். ஆனால் சாவகாசமாகக் கேட்கும். ஒரு வார்த்தை அவள் உள்ளங்காலில் கிளம்பி, முழங்காலில் இளைப்பாறி, வயிற்றில் ஒரு தூக்கம் போட்டு, அப்புறம்தான் உதட்டுக்கு வரும். வரும்போது நல்ல வார்த்தையாகத்தான் வரும். புத்தியில் குறையில்லை. என் மருமகள் அல்லவா.

தலைமையாசிரியர் என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் வெளிநாட்டு அனுபவம். காலை நேரத்தில் ஊரில் வேலையில்லாமல் வலை ஊஞ்சலில் கிடப்பவன் நான் ஒருவன்தான், அதனால்தான் என்று ரோஸ்மிரா சொல்லுவாள். சொல்லட்டும். வாழைப்பழக் கப்பலில் அமெரிக்கக் கரைவரை போய்வந்தவன் இந்த ஆற்றங்கரையில் வேறு யார்? உருளைக்கிழங்கு உரிக்கத்தானே போனான் என்பார்கள். உரித்தேன்தான். கேப்டனோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டே உரித்தேன். அதனால் ஊரில் என்னையே கேப்டன் என்று கூப்பிடுகிறார்கள். கேலிக்கு என்று சிலர் நினைக்கிறார்கள்.

என் படிப்பு மூன்றாம் வகுப்பின் பாதி. பள்ளிக்கூடம் வெள்ளத்தில் போயிற்று. அது திரும்பி வந்தபோது நான் அங்கே இல்லை.

மார்ச் 12

குழந்தைகளின் நாற்காலியில் உட்கார்ந்தால் என் முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்து ரகசியம் பேசுகின்றன.

மார்ச் 27

ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் யதீரா டீச்சர்தான். இங்கிலீஷும் அவர்தான். நகரத்தில் ஏதோ பயிற்சி, மிச்சம் ரேடியோ. உச்சரிப்பு பரவாயில்லை, சில இடங்களில் நான் மனசுக்குள் திருத்திக்கொள்கிறேன்.

இன்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்: "வாட் டூ யூ சீ?" ஜன்னல் வழியாக ஆறு தெரியும். ஒருத்தன் படகு என்றான், ஒருத்தி கொக்கு என்றாள். எலியேசருக்குக் கண் தெரியாது. அவனிடம் மட்டும் என்ன கேட்கிறது என்று மாற்றிக் கேட்டார். அவன் "மோட்டார்" என்று சொல்லிவிட்டு, "ரிப்பேர் மோட்டார்" என்று சேர்த்துக்கொண்டான். உண்மை. அது படகோட்டி அனீபலின் படகு.

அடுத்து தமாரிஸ். அவள் உதடு சுருங்கியது. விரிந்தது. வகுப்பே அவளைப் பார்த்தது. பாவம், பிள்ளையை இப்படி அந்தரத்தில் தொங்கவிடலாமா? எழுந்து நின்று, கப்பல் தளத்தில் நிற்கிற தோரணையில், "ஷீ சீஸ் எ பிக் ஒயிட் பேர்ட்!" என்றேன். பின்னாலிருந்து கைதட்டல். அடக்கமாகத் தலையசைத்தேன்.

"ஐயா, நான் தமாரிஸைத்தானே கேட்டேன்" என்றார் டீச்சர்.

"அவ சொல்ல வந்ததைத்தான் டீச்சர் நான் சொன்னேன்."

"அவ கொக்கைச் சொல்ல வந்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரத்த சம்பந்தம் என்றேன். தமாரிஸ் என்னைப் பார்த்தாள். நன்றியோடு பார்த்தாள் என்று எழுதலாம். எழுதுகிறேன்.

ஏப்ரல் 8

யதீரா டீச்சர் ஒரு புதுச் சட்டம் போட்டிருக்கிறார். இந்த யோசனைக்கு வித்திட்டவன் நான்தான். என்னால்தான் இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்று அவரே சொன்னார்.

எங்கள் வகுப்புக்கு ஆற்றைப் பார்த்து மூன்று ஜன்னல். ஆற்றில் எப்போதும் ஆகாயத்தாமரை மிதந்து வரும். தீவு தீவாக, ஊதாப்பூ வைத்துக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. சட்டம் இதுதான்: டீச்சர் கேள்வி கேட்பார். முதல் ஜன்னலில் ஒரு தீவைக் குறித்துக்கொள்வோம். அது மூன்றாவது ஜன்னலுக்குப் போய்ச் சேரும்வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது. கெட்டிக்காரனும் கூடாது, மந்தமானவனும் கூடாது, நிழலும் கூடாது. எலியேசருக்குத் தெரியவேண்டுமே என்று, தீவு கிளம்பும்போதும் போய்ச் சேரும்போதும் ஜன்னலோரப் பிள்ளை பெஞ்சில் விரலால் ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டு கைமாறிக் கைமாறி அவனிடம் போகும்.

முதல் நாள் பிள்ளைகளுக்கு நாக்கு அரித்தது. எனக்கு அதைவிட. அப்புறம் என்னவோ ஆயிற்று. வகுப்பு முழுக்க வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தீவில் ஒரு குருட்டுக்கொக்கு சவாரி போகிறது. இரண்டாவது ஜன்னல் காலியாக இருக்கிறது. வெறும் தண்ணீர், வெறும் வெளிச்சம். பள்ளிக்கூடமே மெதுவாகக் கரையை விட்டுக் கிளம்பி, ஆறு நின்றுவிட்டது போல ஒரு மயக்கம். கப்பலில்கூட நான் இவ்வளவு தூரம் போனதில்லை.

மூன்றாவது ஜன்னலில் ஊதாப்பூ எட்டிப் பார்த்தது. டீச்சர் கை நீட்டினார். தமாரிஸ் சொன்னாள்:

"ஐ... லைக்... ரெயின்."

ஒவ்வொரு வார்த்தையும் ஈரமாக இருந்தது. ரெயின் என்று அவள் சொல்லி முடித்ததும் வெளியே தூறல் விழுந்தது என்று எழுதினால் ஊதிச் சொல்கிறேன் என்பார்கள். விழுந்தது.

ஏப்ரல் 9

தூறல் இன்றுதான் விழுந்தது. ஆனால் விழுந்தது.

மே 20

ஆறு பெருகி வகுப்புக்குள் வந்துவிட்டது. பெஞ்சுகளைச் செங்கல்மேல் ஏற்றிவைத்து, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு பாடம் நடக்கிறது. டீச்சர் "ஃபிஷ்" என்று போர்டில் எழுத, ஒரு மீன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல நடுவகுப்பு வரை நீந்தி வந்து பார்த்துவிட்டுப் போனது. "ஆப்சென்ட் போடாதீங்க டீச்சர், வந்திருச்சு" என்றான் எலியேசர். எல்லோரும் சிரித்தோம். தமாரிஸின் சிரிப்பும் தாமதமாகத்தான் வரும். எங்கள் சிரிப்பு ஓய்ந்து, தண்ணீர் சத்தம் மட்டும் கேட்கும்போது, அவள் சிரிப்பு தனியாக எழுந்து வகுப்பைச் சுற்றி வந்தது.

இங்கிலீஷ் இப்போது எனக்கும் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. கப்பல் இங்கிலீஷில் கட்டளை மட்டும்தான். இங்கே இவர்கள் மழை, பழம், மேகம், எனக்குப் பசிக்கிறது, உனக்கு என்ன பிடிக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த மொழியில் இப்படியும் பேசலாம் என்று கேப்டன் என்னிடம் சொல்லவேயில்லை.

ஜூலை 15

ஒரு சங்கதி வந்திருக்கிறது. நல்லதில்லை.

எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்கு ஆற்றைக் கடந்து அக்கரையில் இருக்கும் பெரிய பள்ளிக்குப் போகவேண்டும். தமாரிஸ் மற்றப் பிள்ளைகளோடு அங்கே போகலாமா, இல்லை நகரத்தில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று இருக்கும் விடுதிக்கு அனுப்பவேண்டுமா என்று முடிவு செய்ய மாவட்டத்திலிருந்து ஓர் அம்மையார் வருகிறார். நோரால்பா என்று பெயர். வகுப்பில் உட்கார்ந்து, பிள்ளை என்ன கற்றிருக்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாளா என்று பார்ப்பாராம்.

நகரம் படகில் ஒரு பகல். அங்கே போனால் மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வரலாம்.

ரோஸ்மிரா இன்று மீனைத் தீயவிட்டாள். இருபது வருடமாகப் பொரிக்கிறாள், தீய்ந்து நான் பார்த்ததில்லை. "அண்ணே, அங்க அவ பேசி முடிக்கிறவரைக்கும் யாருண்ணே நிப்பா?" என்றாள்.

"நான் இருக்கேன்ல. அந்தம்மாவை ஒரு கை பாத்துடறேன்" என்றேன்.

ஆகஸ்ட் 20

நாளை வருகிறார். என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டாயிற்று. தமாரிஸின் இங்கிலீஷ் பற்றி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். கவிதை எழுதுகிறாள் என்று சலூனில் சொன்னேன். கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எப்படி எழுதுவது.

நோரால்பா அம்மையார் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, விசிறியால் மெல்ல விசிறிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கெட்டவராகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பாடம் கேட்டுவிட்டு எழுந்து வந்து, தமாரிஸின் முன்னால் குனிந்து, "வாட் டூ யூ லைக்?" என்றார்.

யதீரா டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முதல் ஜன்னலில் நல்ல பெரிய தீவு ஒன்று வந்துகொண்டிருந்தது. பெஞ்சில் தட்டு விழுந்தது. தீவு கிளம்பியது. கிளம்பி — முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், மீன்பிடிக் கம்பத்தில் மாட்டிக்கொண்டது. நின்றுவிட்டது. ஆறு போகிறது, தீவு போகவில்லை. தமாரிஸின் உதடு சுருங்குகிறது, விரிகிறது. விசிறி ஆடுவது நின்றுவிட்டது. அந்த அம்மையார் கண்ணில் ஒரு பரிதாபம் — அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பரிதாபம் எனக்குத் தெரியும். ஊரார் அவளைப் பார்க்கிற பரிதாபம்.

எழுந்துவிட்டேன். "ஷீ லைக்ஸ் ரெயின், சார்!" என்றேன். சார் என்றேன், அம்மையாரை. அதற்கப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. அவளுக்குப் பிடித்த பழம், அவளுடைய வயது, அவள் அம்மாவின் தொழில், கொக்கு, படகு, கப்பல், கேப்டன் —

"மாமா, உங்க வாய் ஓடுற சத்தத்துல எனக்கு ஆறே கேக்கலை" என்றான் எலியேசர் பின்னாலிருந்து. யாரும் சிரிக்கவில்லை.

அம்மையார் கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "உங்க இங்கிலீஷைக் கேட்டேன். அவளோடதைக் கேக்கவே இல்லையே. பேசாத பிள்ளையை அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி அனுப்புறது?"

பேசாத பிள்ளையா! அவளா!

நான் என்ன செஞ்சிட்டேன் அப்படி? புள்ள தவிக்கிறா, பாத்துட்டு சும்மா இருக்கச் சொல்றீங்களா? எவனாவது இருப்பானா? ரோஸ்மிரா மொகத்தத் திருப்பிக்கிட்டா. சாப்பாடு மேஜையில இருக்கு. மூடிவச்சிருக்கு. எனக்கு வேணாம்.

ஆகஸ்ட் 22

தமாரிஸ் இன்று என் பக்கத்தில் உட்காரவில்லை. எலியேசர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் சூப் குடிக்கும்போது என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சூப்பில் ஆவி அடங்கிவிட்டது.

"மாமா... நீங்க... பேசுறப்ப... என் வார்த்தை... திரும்பி... உள்ள... போயிடுது."

எழுதி வைக்கிறேன். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

செப்டம்பர் 9

யதீரா டீச்சர் ரோஸ்மிராவின் மீன் கடைக்கே வந்துவிட்டார். நகரத்துக்குப் போய் அந்த அம்மையாரிடம் மன்றாடியிருக்கிறார். அக்டோபர் கடைசியில் பள்ளியில் இங்கிலீஷ் தினம் வருகிறதல்லவா, முற்றத்தில் பிள்ளைகள் கடை போடுவார்கள், ஊரார் வந்து இங்கிலீஷில் கேட்டால்தான் சரக்கு. அன்றைக்கு இன்னொரு தடவை வந்து பார்க்க ஒப்புக்கொண்டாராம். ஆனால் முடிவு அன்றோடு முடிவு.

"தமாரிஸுக்கு ஜூஸ் கடை" என்றார் டீச்சர்.

"நான் கடைக்குப் பின்னாடி குனிஞ்சு உக்காந்துக்கறேன். யாருக்கும் தெரியாது."

"நீங்க கடைப்பக்கமே வரக்கூடாது. வேணும்னா வாடிக்கையாளரா வாங்க. வரிசையில கடைசி ஆளா."

"கடைசி ஆளா? கேப்டனா?"

"அண்ணே!" என்றாள் ரோஸ்மிரா. கையில் மீன் திருப்பும் கரண்டி இருந்தது. சரி என்றேன்.

செப்டம்பர் 14

மத்தியான ஊஞ்சலில் ஒரு கனவு. ஆற்றுத் தண்ணீர்மேல் ஊர் முழுக்க வரிசையாக நிற்கிறது. ஒவ்வொருவர் கையிலும் காலிக் குவளை. யாருக்கும் கால் நனையவில்லை. வரிசையின் தலை எங்கே இருக்கிறதென்று பார்க்க நடந்து நடந்து போகிறேன். கடல் வந்துவிட்டது, வரிசை முடியவில்லை. யாருமே பேசவில்லை. அவ்வளவு பேர் பேசாமல் நின்றும் பயமாக இல்லை. விழித்த பிறகும் அந்த அமைதி சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 6

இந்த ஊர் வரிசையில் நிற்கிற ஊரா? அனீபலின் படகுத்துறையில் ஒரு காலை நேரம் நின்று பார்க்கவேண்டும். ஏறுகிறவன், இறங்குகிறவன், கோழி, வாழைத்தார், எல்லாம் ஒரே நேரத்தில் கத்தும். இந்தக் கூட்டம் தமாரிஸின் கடைக்கு முன்னால் போய் நின்றால்? "ஏ புள்ளே, ஊத்து சீக்கிரம், வெயில் காயுது!" என்று ஒருத்தன் ஆரம்பிப்பான். அவள் வார்த்தை உள்ளங்காலுக்கே திரும்பிவிடும்.

டீச்சர் என்னைக் கடையிலிருந்துதானே விலக்கினார், ஊரிலிருந்து விலக்கவில்லையே? படகுத்துறையில் போய் ஒரு கவிழ்த்த பெட்டிமேல் ஏறி நின்றேன்.

"இங்கிலீஷ் தினத்துக்கு வர்றவங்கள்லாம் கேட்டுக்கோங்க. இங்கிலீஷ்னா வார்த்தைன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. வார்த்தை கால்வாசிதான். முக்கால்வாசி நிக்கிறது."

"நிக்கிறதா கேப்டன்?" என்றான் அனீபல்.

"லண்டன்ல கடைக்கு முன்னாடி பிரபுக்களெல்லாம் எப்படி நிப்பாங்க தெரியுமா? கேள்வியை ஒரே ஒரு தடவ கேக்கணும். அப்புறம் தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு, கடைக்காரர் பதில் சொல்ற வரைக்கும் கப்சிப். நடுவுல பேசினா—"

"பேசினா?"

"வரிசையோட கடைசிக்குப் போயிடணும். ராஜாவா இருந்தாலும் சரி."

"ராஜாவுமா?" இது சலூன்கார ஓவீதியோ.

"ராஜா முணுமுணுத்துக்கிட்டே பின்னாடி போறதை இந்தக் கண்ணால பாத்தேன். கையில வெள்ளிக் குவளை. எலுமிச்சை ஜூஸுக்கு வந்திருந்தாரு."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"கடையோட தரத்தைப் பொறுத்து. பட்டுன்னு பதில் வந்தா அது மட்டமான கடை. உசந்த கடையில ரொம்ப நேரம் ஆகும்."

"அட, நம்ம ஊருல எல்லாமே மட்டம்தான் அப்ப" என்றான் அனீபல் வருத்தமாக.

பிறகு அவர்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன்: "வாட் ஜூஸ் டூ யூ ஹாவ்?" படகோட்டிகள், மீன்காரிகள், சலூன்காரர் எல்லோரும் ஆற்றைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எதிர்க்கரை அதைத் திருப்பிச் சொன்னது. உச்சரிப்பு மோசம், எதிர்க்கரை பரவாயில்லை.

நான் லண்டன் பக்கமே போனதில்லை என்று ரோஸ்மிரா சொல்கிறாள். போகவில்லைதான். ஆனால் இவளும்தான் போனதில்லை. அங்கே அப்படி இல்லை என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 15

ஓவீதியோ சலூனில் ஒத்திகை நடக்கிறது. முடிவெட்டக் கேட்டவர்கள் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள். ஓவீதியோ வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்கிறான். தன் கடை உயர்ந்த கடையாம்.

அக்டோபர் 24, வெள்ளி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

முற்றத்தில் காகிதக்கொடி. மாமரத்தடியில் தமாரிஸின் கடை. மூன்று கண்ணாடி ஜாடி: புளி, மாம்பழம், கொரோசோ என்கிற எங்கள் செம்பழம். வெயில் ஜாடிகளுக்குள் இறங்கி மூன்று நிறமாகத் தரையில் கிடந்தது. தமாரிஸ் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் குவளைகளை எடுத்துக்கொடுக்க எலியேசர். நான் வரிசையின் கடைசியில். எனக்கு முன்னால் ஊரே நின்றது. வாயை என்ன செய்வது என்று யோசித்து, முட்டை வைத்துப் பொரித்த சோளரொட்டி பெரியதாக ஒன்று வாங்கி, முழுதாக உள்ளே திணித்துக்கொண்டேன்.

அனீபல் முதலில். "வாட் ஜூஸ் டூ யூ ஹாவ்?" தொப்பி கழன்றது. அவன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாத் தொப்பியும் கழன்றது. இப்படி ஓர் அமைதியை எங்கள் ஊரில் பிணம் எடுக்கும்போதுகூட நான் பார்த்ததில்லை. மாமரத்திலிருந்து ஓர் இலை கிளம்பி, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்கியது. கோழி ஒன்று வரிசையைக் குறுக்கே கடக்க வந்து, நின்று, அதுவும் காத்திருந்தது.

"வீ... ஹாவ்... டாமரிண்ட்... மேங்கோ... அண்ட்... கொரோசோ."

அனீபல் புளி வாங்கினான். குடித்துவிட்டு, மெல்ல, "உசந்த கடை" என்றான்.

நாலைந்து பேருக்கு அப்புறம் நோரால்பா அம்மையார் வந்து சேர்ந்தார். டீச்சர் அவரை வரிசையின் தலைக்குக் கூட்டிவந்தார். அம்மையார் குனிந்தார், அதே குரலில் கேட்டார். தமாரிஸின் உதடு சுருங்கியது. நான் ரொட்டியைக் கடித்தேன். அம்மையார் கொஞ்சம் பொறுத்தார்; அப்புறம் அதே பரிதாபம் வந்துவிட்டது அவருக்கு. "பரவாயில்லைம்மா, கஷ்டப்படாதே. டாமரிண்ட்னு சொல்ல வர்றே, இல்லையா?" என்றார்.

வரிசை முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. அனீபல் தொப்பியை நெஞ்சிலிருந்து எடுக்காமலே முன்னால் வந்தான். நல்லபடியாகத்தான் சொன்னான்:

"மன்னிக்கணும் அம்மா. இங்கிலீஷ்ல நடுவுல பேசக்கூடாது. பேசிட்டா கடைசிக்குப் போயிடணும்."

"என்னது?"

"ராஜாவே போயிருக்காருங்க" என்றான் ஓவீதியோ. "வெள்ளிக் குவளையோட."

யதீரா டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தமாரிஸ் அக்கரைக்குப் போகப் போவதில்லை, நகரத்து விடுதியில் யாரோ அவள் வார்த்தையை முடித்து முடித்து வைக்கப் போகிறார்கள், எல்லாம் என் வாயால். தொண்டையில் ரொட்டி அடைத்தது.

அம்மையார் வரிசையைப் பார்த்தார். நெஞ்சில் தொப்பியோடு நிற்கிற படகோட்டிகளை, மீன்காரிகளை, கோழியை. விசிறியை மடித்தார். நடந்து வந்து எனக்குப் பின்னால் நின்றார். கடைசி ஆள் பதவியும் என்னைவிட்டுப் போயிற்று.

வெயில் நகர்ந்தது. வரிசை நகர்ந்தது. அவ்வளவு நேரம் அவர் எங்களோடு நின்று, ஒவ்வொருவருக்கும் தமாரிஸ் பதில் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறையில் நான் கேள்வி கேட்டு, தொப்பி வைத்து நின்று, மாம்பழச்சாறு வாங்கினேன். "தேங்க் யூ" என்று மட்டும் சொன்னேன். உதட்டில் ரொட்டித் துணுக்கு இருந்தது, தமாரிஸ் சிரித்தாள்.

அம்மையார் கேட்டார். நின்றார். பதில் வந்தது, மூன்று பழமும். குவளை வாங்கிக்கொண்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். தமாரிஸின் உதடு மறுபடியும் சுருங்கியது. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. இலை எதுவும் விழவில்லை. கொக்கு ஒன்று முற்றத்துக்கு மேலே பறந்து, நிழலை எங்கள்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போயிற்று.

"அண்ட்... யூ? வாட்... டூ... யூ... லைக்?"

அம்மையார் வாயைத் திறந்தார். மூடினார். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது போலிருக்கிறது. அல்லது, தனக்கு என்ன பிடிக்கும் என்று அவரை யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருக்கும். காது சிவந்தது. கண்ணாடியைச் சரிசெய்தார். வார்த்தை எங்கேயோ கிளம்பி வந்துகொண்டிருந்தது, தெரிந்தது.

தமாரிஸ் காத்திருந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, உலகத்தில் இருக்கிற நேரமெல்லாம் தன்னிடம் இருப்பது போல, அவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

அக்டோபர் 25

என்ன பதில் சொன்னார் என்று எழுத மறந்துவிட்டேன். "டு டான்ஸ்" என்றார். நடனமாடப் பிடிக்குமாம்.

டிசம்பர் 4

டீச்சர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்கரைப் பள்ளிதான். நிழல் தேவையில்லை என்றும் அம்மையார் சொல்லிவிட்டாராம். காத்திருக்கத் தெரிந்த வகுப்பு போதுமாம். இதை நான் முதலிலேயே ஊகித்திருந்தேன்.

ரோஸ்மிரா என் தட்டில் மீனின் நடுத்துண்டை வைத்தாள். அது எப்போதும் விற்பனைக்குப் போகிற துண்டு.

டிசம்பர் 18

காற்று மாதம் வந்துவிட்டது. ஊஞ்சலை நான் ஆட்ட வேண்டியதில்லை. ஓவீதியோவிடம் முடிவெட்டப் போனேன். இன்னும் தொப்பிப் பழக்கம் போகவில்லை. லண்டனில் முடி எப்படி வெட்டுவார்கள் என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 2, திங்கள்

காலை. அனீபலின் படகு கிளம்பிவிட்டது. நடுப்பலகையில் தமாரிஸ், பக்கத்தில் எலியேசர், சுற்றிப் புதுச் சீருடைகள். "கேப்டன், ஏறலையா?" என்றான் அனீபல். எனக்குக் கரையில் வேலை இருக்கிறது என்றேன். கையசைத்தேன். தமாரிஸ் கையைத் தூக்க ஆரம்பித்தாள். படகு பாதி ஆறு போனபிறகுதான் அந்தக் கை மேலே வந்தது, வெயிலில் சின்னதாக. வரும்வரை நின்றிருந்தேன்.

சாயங்காலம். வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். ரோஸ்மிரா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தமாரிஸின் உதடு சுருங்குகிறது. என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது —

இல்லை. தெரியாது. எழுதுவதை நிறுத்துகிறேன். அவள் சொல்லட்டும்.